கம்பி மேல் நடப்பவர் ஏன் விழுவதில்லை? அந்த நீளக் கழி செய்யும் வேலை

2015-ல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கத்தில் வந்த "தி வாக்" படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள்: அந்த மனிதருக்கு எவ்வளவு தைரியம்! தைரியம் இருந்தது உண்மைதான். பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர் 1974 ஆகஸ்ட் 7 காலையில், யாரிடமும் அனுமதி வாங்காமல், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே எஃகுக் கம்பி கட்டி நடந்தார். தரையிலிருந்து 400 மீட்டர் உயரம். ஒரு தடவை கடந்ததோடு நிற்கவில்லை. சுமார் 45 நிமிடத்தில் எட்டு முறை கடந்தார், நடுவில் மண்டியிட்டார், கம்பி மேலேயே படுத்தார். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை.

ஆனால் தைரியம் யாரையும் கம்பி மேல் நிறுத்தி வைக்காது. நிறுத்தி வைப்பது இயற்பியல். அவர் கையில் குறுக்காகப் பிடித்திருந்த நீளக் கழி அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அந்தக் கழி என்ன செய்கிறது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. நான் கேட்ட பதில்களில் பாதி தவறு, மீதி அரைகுறை.

பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு பதில்கள்

முதல் பதில்: கழியின் இரண்டு பக்கமும் சம எடை இருப்பதால் ஆள் நேராக நிற்கிறார். இது விளக்கமே இல்லை. கழி இல்லாவிட்டாலும் நம் உடம்பின் இடதும் வலதும் ஏறக்குறையச் சம எடைதான். அதை வைத்துக்கொண்டு கம்பியில் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: கழி ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்குகிறது. ஈர்ப்பு மையம் என்றால், ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி எங்கே இருக்குமோ அந்த இடம். நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு அது தொப்புளை ஒட்டிய உயரத்தில் இருக்கும்.

இந்தப் பதிலில் துளி உண்மை உண்டு. நீளக் கழியின் முனைகள் தம் எடையாலேயே கொஞ்சம் வளைந்து தொங்கும். அதனால் ஆளும் கழியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் சில சென்டிமீட்டர் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கினாலும் அது கம்பிக்கு மேலேதான், கிட்டத்தட்ட இடுப்புயரத்தில்தான் இருக்கிறது. எடை கம்பிக்குக் கீழே தொங்கினால் மட்டுமே, சாய்ந்தது தானாக நிமிரும். மேலே இருக்கும் வரை, ஒரு பக்கம் துளி சாய்ந்தால் புவியீர்ப்பு இன்னும் அதிகமாகச் சாய்க்கும். பெத்தியின் கழி ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், 25 கிலோ எடை. அதைப் பிடித்திருந்தபோதும் அவர் ஒவ்வொரு கணமும் விழக்கூடிய நிலையில்தான் இருந்தார்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கழி ஆளை "விழாதவராக" மாற்றுவதில்லை. விழுவதற்கான சூழ்நிலை அப்படியே இருக்கிறது. கழியால் மாறுவது வேறு இரண்டு விஷயங்கள்.

ஒட்டடைக்கொம்பும் பென்சிலும்

வீட்டில் ஒட்டடைக்கொம்பு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடிமுனையை உள்ளங்கையில் வைத்து நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். கையை இப்படி அப்படி நகர்த்திச் சில விநாடிகள் சமாளித்துவிடலாம். பழகினால் ஒரு நிமிடம்கூட நிற்கும். அடுத்து ஒரு பென்சிலை விரல்நுனியில் நிறுத்திப் பாருங்கள். நடக்காது. கையை நகர்த்த வேண்டும் என்று மூளை முடிவெடுப்பதற்குள் பென்சில் தரையில் கிடக்கும்.

பென்சிலின் ஈர்ப்பு மையம் விரலிலிருந்து பத்து சென்டிமீட்டர்கூட உயரத்தில் இல்லை. ஒட்டடைக்கொம்பின் ஈர்ப்பு மையமோ முகத்துக்கு நேரே, அல்லது அதற்கும் மேலே. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால்தான் நிறுத்துவது சுலபம் என்றால் பென்சில்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

இன்னொரு படி போகலாம். ஒட்டடைக்கொம்பைத் தலைகீழாக்கி, துடைப்பப் பகுதி கையில் படும்படி நிறுத்திப் பாருங்கள். அதே கொம்பு, அதே எடை, ஆனால் இப்போது முன்பைவிடக் கஷ்டமாக இருக்கும். கனமான பகுதி கையிலிருந்து தள்ளி மேலே இருந்தபோது கொம்பு மெதுவாகச் சாய்ந்தது. கனம் கைக்கு அருகே வந்ததும் சட்டென்று சாய்கிறது.

எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை திரும்பும் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு பொருளைச் சுழற்றவோ சாய்க்கவோ முயலும்போது அது காட்டும் எதிர்ப்புக்குப் பாடப்புத்தகப் பெயர் நிலைமத் திருப்புத்திறன். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. எடை கூடினால் அந்த எதிர்ப்பும் அதே அளவு கூடும். ஆனால் எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், எதிர்ப்பு நான்கு மடங்காகும். தூரம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

அந்த அரை விநாடி

இப்போது கம்பிக்குத் திரும்புவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் கம்பி மேல் நிற்கிறார். அவர் பக்கவாட்டில் விழுந்தால், பாதம் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் சாய்வார். அவர் கையில் 8 மீட்டர் நீள, 25 கிலோ கழியைக் கொடுங்கள். மொத்த எடையில் கழியின் பங்கு கால்வாசிதான். ஆனால் சாய்வதற்கு எதிரான மொத்த எதிர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கழியிலிருந்து வருகிறது, ஏனென்றால் அதன் எடை இருபுறமும் நான்கு மீட்டர் தூரம் வரை பரவியிருக்கிறது. அதே 25 கிலோவை ஒரு மீட்டர் நீள இரும்புத் துண்டாகக் கொடுத்தால் பயன் பெரிதாக இருக்காது. சுமப்பதற்கு ஒரு பாரம் கூடும், அவ்வளவுதான்.

இதனால் கிடைக்கும் லாபத்தைத் தோராயமாகக் கணக்குப் போடலாம். அசையாமல் நிற்கும் ஒருவர் 1 டிகிரி சாய்ந்திருக்கிறார், எதுவும் செய்யாமல் அப்படியே விறைத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழி இல்லாவிட்டால் அந்தச் சாய்வு 10 டிகிரியாக வளர ஒரு விநாடி போதும். கழி இருந்தால் ஒன்றரை விநாடி ஆகும்.

அரை விநாடிக்கா இத்தனை பாடு என்று தோன்றும். உடல் சாய்வதை உணர்ந்து, தசைகள் வேலை செய்யத் தொடங்க, விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை பிடிக்கிறது. அந்தத் தாமதத்துக்குள் சாய்வு எவ்வளவு வளர்கிறது என்பதுதான் சமாளிக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும். பென்சிலுக்கும் ஒட்டடைக்கொம்புக்கும் இருந்த வித்தியாசம் இதுவேதான்.

விழும் பக்கமே கழியைச் சாய்ப்பது

மெதுவாகச் சாய்ந்தால் மட்டும் போதாதே, சாய்ந்ததை நிமிர்த்தவும் வேண்டுமே? ஒட்டடைக்கொம்பு சாயும்போது நாம் உள்ளங்கையை அந்தப் பக்கமாக நகர்த்தினோம். அதாவது தாங்கும் இடத்தையே சாய்ந்த எடைக்கு அடியில் கொண்டுபோனோம். தெருவில் கழைக்கூத்தாடிகள் நடக்கும் கயிறு ஓரளவு தொய்வாக இருப்பதால், காலால் அதை இடம் வலம் தள்ளி அவர்கள் இதைக் கொஞ்சம் செய்துகொள்ள முடிகிறது. இறுக்கிக் கட்டிய எஃகுக் கம்பி அப்படி இசைந்து கொடுக்காது. இந்த இடத்தோடு ஒட்டடைக்கொம்பின் உதவி முடிகிறது.

தரையில் நிற்கும்போது நமக்கு இன்னொரு வசதி உண்டு. இரண்டு பாதங்களும் ஓரடி அகலத்துக்குப் பரவியிருக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பாதத்தை அழுத்தி உடம்பை இடப்பக்கம் திருப்பிவிடுவோம். இப்படி ஒரு பொருளைச் சுழலச் செய்யும் விசைக்குத் திருப்பு விசை என்று பெயர். கம்பியோ கட்டைவிரல் பருமன்தான். அழுத்தித் தள்ள அகலமே இல்லை.

தரை இல்லாதபோது எதைப் பிடித்துத் தள்ளுவது? கழியைத்தான். நடப்பவர் வலப்பக்கம் சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கழியின் வலது முனையைக் கீழே அழுத்தி, இடது முனையை மேலே தூக்குகிறார். பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஏற்கெனவே வலப்பக்கம் விழுகிறவர் கழியையும் ஏன் வலப்பக்கமே சாய்க்கிறார் என்று. ஆனால் நீங்கள் ஒன்றை ஒரு திசையில் சுழற்றினால், அது உங்களை எதிர்த்திசையில் சுழற்றும். கழி வலப்பக்கம் சுழலும்போது உடம்பு இடப்பக்கம் தள்ளப்பட்டு நிமிர்கிறது. கழி எவ்வளவு நீளமோ, அவ்வளவு பலமாக அதைப் பிடித்துத் தள்ளலாம்.

மதில்சுவரின் விளிம்பில் தடுமாறும் யாரும் கையை வீசுவது இதற்குத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்புக்கு இது தெரியும். கை குட்டை, எடையும் குறைவு, அதனால் பலனும் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. கழியை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போக முடியாது, திரும்பக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். கொண்டுவரும்போது உடம்பு மறுபடி வலப்பக்கம் தள்ளப்படும். அதனால் நடப்பவர் முதலில் உடம்பை நேர்க்கோட்டைத் தாண்டித் துளி அதிகமாகவே இடப்பக்கம் கொண்டுபோய்விடுகிறார். கழியைத் திருப்பும்போது கணக்கு சரியாகிவிடும். இத்தனையும் சின்னச் சின்ன அளவில், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறது.

ஆக, கழிக்கு வேலை இரண்டு: சாய்வதைத் தாமதப்படுத்துகிறது, சாய்ந்த உடம்பைத் தள்ளி நிமிர்த்த ஒரு பிடிமானமாக இருக்கிறது. "சமநிலை" என்று நாம் சொல்வது இங்கே அசையாமல் இருப்பதல்ல. விழத் தொடங்குவதும் திருத்துவதுமாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் வேலை அது.

கம்பியைக் கட்டுவதுதான் பாதி வேலை

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நடக்கும் காட்சி அல்ல, அதற்கு முந்தைய இரவு. பெத்தியும் நண்பர்களும் வேலையாட்கள் போல வேஷம் போட்டுக் கோபுரங்களுக்குள் நுழைகிறார்கள். ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு எஃகுக் கம்பியை எப்படிக் கொண்டுபோவது? வில்லில் அம்பு தொடுத்து மீன்பிடி நரம்பை எய்தார்கள். நரம்பில் கொஞ்சம் தடித்த கயிறு, அந்தக் கயிற்றில் அதைவிடத் தடித்த கயிறு, கடைசியில் எஃகுக் கம்பி. எல்லாம் நிஜத்தில் நடந்ததே. கம்பியின் எடை சுமார் 200 கிலோ. பாதியில் அது கைநழுவிக் கோபுரங்களுக்கு நடுவே தொங்கிவிட்டது. அதைத் திரும்ப இழுத்து மேலே கொண்டுவர மணிக்கணக்கில் ஆனது.

கட்டிய பிறகு ஏன் அவ்வளவு இறுக்க வேண்டும்? முழுக்க நேரான கம்பி என்று ஒன்று கிடையாது. நடுவில் ஆள் நின்றால் கம்பி கொஞ்சமாவது தாழ்ந்தே ஆக வேண்டும். கம்பி தன் நீளவாக்கில்தான் இழுக்கும், கொஞ்சம் சரிந்திருந்தால் மட்டுமே அந்த இழுவையில் ஒரு பங்கு மேல்நோக்கி ஆளைத் தாங்கும். சரிவு குறையக் குறைய, அதே ஆளைத் தாங்க இழுவிசை ஏறிக்கொண்டே போகும். உதாரணத்துக்கு 40 மீட்டர் நீளக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் கழியும் சேர்ந்து 95 கிலோ. நடுவில் அரை மீட்டர்தான் தாழலாம் என்றால், கம்பியில் இருக்க வேண்டிய இழுவிசை அந்த எடையைப் போல இருபது மடங்கு. அதாவது கிட்டத்தட்ட இரண்டு டன். கையால் முடிச்சுப் போட்டு இழுக்கிற விஷயமில்லை இது. கம்பியை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் போன்ற கருவியை வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

கம்பி எப்போதும் நடப்பவரின் காலடியில்தான் தாழும் என்பதால், பாதையின் இரண்டு முனைகளிலும்தான் சரிவு அதிகம். நடுப்பகுதி ஏறக்குறையச் சமதளம். கரையை நெருங்கும்போது ஏற்றம் ஏறியாக வேண்டும், அதுவும் களைத்த கால்களோடு, "வந்துவிட்டோம்" என்ற நினைப்போடு. பெரும்பாலான கம்பி நடைக்காரர்கள் கடைசி மூன்று அடிகளில்தான் சாகிறார்கள் என்று படத்தில் பென் கிங்ஸ்லி நடித்த குருநாதர் சொல்வார். அவர் கவனம் தளர்வதைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் அந்த இடத்தில் கம்பியும் உதவி செய்வதில்லை.

இறுக்கம் மட்டும் இருந்தால் கம்பி நரம்பு போல அதிரும், பக்கவாட்டில் ஊசலாடும், முறுக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கப் பக்கக் கயிறுகள் கட்டுவார்கள். முக்கியக் கம்பியிலிருந்து இருபுறமும் சாய்வாக இறங்கி, எங்காவது பிணைக்கப்படும் கயிறுகள் இவை. பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைக் கவலெத்தி என்பார்கள், படத்திலும் இந்தச் சொல் வரும். பார்வையாளர் கண்ணுக்கு இவை படுவதே இல்லை. ஆனால் இவற்றின் மதிப்பைக் காட்ட ஒரு சோகச் சம்பவம் உண்டு. கம்பி நடைக்குப் புகழ்பெற்ற வாலெண்டா குடும்பத்துக் கார்ல் வாலெண்டா 1978 மார்ச்சில் புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், ஒரு ஹோட்டலின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடக்கும்போது பலத்த காற்றில் தடுமாறி விழுந்து இறந்தார். வயது 73. காற்றைத்தான் எல்லோரும் காரணமாகச் சொன்னார்கள். பக்கக் கயிறுகள் சரியாகப் பிணைக்கப்படாததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அவர் கையில் கழி இருந்தது. காலடியில் கம்பியே ஆடும்போது கழியால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

உயரம் எதை மாற்றுகிறது

இதுவரை போட்ட கணக்கில் 400 மீட்டர் எங்கேயும் வரவில்லை. புவியீர்ப்பைப் பொறுத்தவரை முழங்கால் உயரக் கம்பியும் கோபுரத்து உச்சிக் கம்பியும் ஒன்றுதான். அதனால்தான் எல்லோரும் தாழ்வான கம்பியில் பழகுகிறார்கள்.

ஆனால் மேலே போனால் மூன்று விஷயங்கள் மாறும். ஒன்று காற்று, அது வெளிப்படை. இரண்டாவது கட்டடமே அசைவது. உயர்ந்த கோபுரங்கள் காற்றில் மெல்ல ஆடும்படிதான் கட்டப்படுகின்றன. இரண்டு கோபுரங்கள் தனித்தனியாக ஆடினால், நடுவில் உள்ள கம்பியின் இறுக்கமும் மாறும்.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது: கண். நாம் நிமிர்ந்து நிற்க மூன்று வழிகளில் தகவல் வருகிறது. உட்காதில் உள்ள உறுப்பு தலையின் சாய்வையும் அசைவையும் சொல்கிறது. மூட்டுகளும் தசைகளும் பாதமும் உடம்பு எப்படி மடங்கியிருக்கிறது என்று சொல்கின்றன. கண், சுற்றியுள்ள பொருள்கள் நகர்வதை வைத்து நாம் ஆடுவதைக் கண்டுபிடிக்கிறது. தரையில் சுவர், மேஜை, கதவு எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். நாம் ஒரு விரற்கடை ஆடினாலும் அவை நகர்வது தெரியும். உயரத்திலிருந்து கீழே பார்த்தால் கண்ணில் படும் எல்லாமே நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவில். நாம் அரையடி ஆடினாலும் அந்தக் காட்சியில் மாற்றமே தெரியாது. காதும் காலும் ஆடுகிறாய் என்கின்றன, கண் இல்லை என்கிறது. மொட்டைமாடி விளிம்பில் நின்றால் வரும் கிறுகிறுப்பில் பயத்தோடு இந்தக் குழப்பத்துக்கும் பங்குண்டு. கம்பி மேல் நடப்பவர்கள் கீழே பார்க்காமல் கம்பியின் மறுமுனையிலேயே பார்வையைப் பதிப்பது மனத்திடத்துக்காக மட்டும் அல்ல. அசையாத ஒரு குறி கண்ணுக்கு வேண்டும்.

சரி, முப்பரிமாணத்தில் இந்தப் படத்தைப் பார்த்த சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்ததாக அப்போது செய்தி வந்ததே, அது ஏன்? அங்கே குழப்பம் தலைகீழ். கண் உயரத்தில் மிதப்பதாகச் சொல்கிறது, காதும் உடம்பும் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்கின்றன.

படத்தில் எவ்வளவு நிஜம்

பெத்தியாக நடித்த ஜோசப் கார்டன்-லெவிட்டுக்குக் கம்பியில் நடக்கக் கற்றுக்கொடுத்தவர் பெத்தியேதான். எட்டு நாள் பயிற்சி. படப்பிடிப்பு மான்ட்ரியலில் நடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கோபுரங்கள் இடிந்துவிட்டதால், கூரையின் ஒரு பகுதியை மட்டும் அரங்கமாகக் கட்டி, மீதியைக் கணினியில் உருவாக்கினார்கள். அரங்கத்துக் கம்பி தரையிலிருந்து சுமார் 12 அடி உயரத்தில் இருந்தது. அபாயம்தான் பொய். இயற்பியல் அல்ல, ஏனென்றால் மேலே சொன்னபடி கழிக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

நிஜ நடையின் புகைப்படங்கள் இருக்கின்றன, ஆனால் அசையும் படமாக அது பதிவாகவில்லை. 2008-ல் ஜேம்ஸ் மார்ஷ் எடுத்து ஆஸ்கர் வாங்கிய "மேன் ஆன் வயர்" ஆவணப்படமும் அந்தக் கட்டத்துக்குப் புகைப்படங்களைத்தான் நம்பியிருந்தது. கழி எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெத்தியின் மற்ற நடைகளின் காட்சிகளைத் தேடலாம். அல்லது "தி வாக்" படத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை போட்டு, முகத்தை விட்டுவிட்டுக் கழியின் இரண்டு முனைகளை மட்டும் கவனிக்கலாம். நடிகரின் தோள் எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அந்தப் பக்கத்து முனை முதலில் தாழ்கிறதா என்று பாருங்கள்.